பனங்குற்றியில் ஏறிய ஆடு

வேலணையில் அரச அலுவலகம் ஒன்றில் வேலைபார்க்கும் பிரியவதனியிடம் சின்ன டிஜிட்டல் கமராக்கள் நான்கு இருந்தன. எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனவை. கைத்தொலைபேசி வந்தபின் அலுமாரிகளில் தூங்கியவற்றைக் கேட்டு வாங்கி, பற்றரி தேடி யாழ்ப்பாணக் கடைகளெல்லாம் ஏறி இறங்கி, மறுபடி ஓடவைத்திருந்தாள். அவற்றில் ஒன்று எப்போதும் கைப்பைக்குள் கிடக்கும்.

அவள் எடுப்பது அழகான படங்கள் அல்ல. பஸ்ஸில் வாய் திறந்து நித்திரை கொள்பவர், கூட்டத்தில் கொட்டாவியை மறைக்கப் பாடுபடும் அதிகாரி, இப்படித்தான். வெள்ளிக்கிழமைகளில் கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பாள். முடிந்ததும் கமராவைத் திறந்து புதுப் படங்களைக் காட்டுவாள். பெண்கள் சுற்றி நின்று சிரிப்பார்கள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவள் காட்டியது ஓர் ஆட்டின் படம். சரவணமுத்து வீட்டுக் காணியில் தறித்து அடுக்கியிருந்த பனங்குற்றிகளின் மேல் அந்தக் கிடாய் தாடியோடு நிமிர்ந்து நின்றது. “தலைவர் பேச எழும்பிட்டார்” என்றாள். சரவணமுத்துவின் மனைவி அன்னபூரணம்தான் அன்று அதிகம் சிரித்தவர்.

அடுத்த கிழமை அதிகாரிகள் அந்த வீட்டுக்கு வந்தார்கள். அனுமதியில்லாமல் பனை தறித்ததாக முறைப்பாடு வந்திருந்தது. குற்றிகளைக் கையகப்படுத்தி, வழக்கும் போட்டார்கள்.

ஊருக்குப் பிரியவதனியைத் தவிர வேறு யோசனை வரவில்லை. கையில் தொலைபேசி இருக்கும்போது இவளுக்கு இன்னொரு கமரா ஏன்? அதில் எடுக்கிற படம் எங்கே போகிறது? அரச உத்தியோகம் வேறு. பஸ்ஸில் அவள் ஏறினால் கதை நின்றது. பைக்குள் கைவிட்டால் முன்னால் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோயிலில் யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை போனபோது யாரோ தொலைபேசியில் சுருதி போட்டுவிட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆர்மோனியம் துணியால் மூடியிருந்தது. அவள் பின்வரிசையில் இருந்துவிட்டு வந்தாள்.

தான் ஒன்றும் செய்யாதவள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் படத்தை அவள் தொலைபேசிக்கு மாற்றி இன்னொருவருக்கு அனுப்பியிருந்தாள். அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருக்கும் நிசாந்தினி, தினமும் அவளோடு ஒரே பஸ்ஸில் ஒரே இருக்கையில் வருகிறவள். நிசாந்தினியின் தமையனுக்கு வேலை, முறைப்பாடு போன அந்த அதிகாரிகளின் கந்தோரில். அந்த நினைப்பு வந்தபிறகு பிரியவதனியால் அவளோடு பகிடி விட்டுச் சிரிக்க முடியவில்லை. தொலைபேசியை நிசாந்தினி கவிழ்த்து வைத்தாலும் ஏன் என்று தோன்றியது. கடைசியில் தேநீர் நேரத்தில் கேட்டுவிட்டாள்.

“அந்த ஆட்டுப் படத்தை நீர் ஆருக்கும் அனுப்பினனீரோ?”

நிசாந்தினி கோப்பையைக் கீழே வைத்தாள். “ஊர் உம்மைச் சொல்லேக்கை நான் எத்தினை பேரோடை சண்டை பிடிச்சனான் தெரியுமே?”

அடுத்த நாள் பஸ்ஸில் நிசாந்தினி வேறு இருக்கையில் இருந்தாள்.

கோயில் திருவிழாவுக்கு சரவணமுத்துவின் தம்பி சுதன் பிரான்ஸிலிருந்து வந்தபோதுதான் விஷயம் வெளிச்சமாயிற்று. தறித்த பனைகள் இரண்டு பேருடைய காணிக்கும் நடுவேலியில் நின்றவை. அண்ணன் வீடியோவில் கதைக்கும்போது அவருக்குப் பின்னால் வேலி வெறுமையாகத் தெரிந்திருக்கிறது. “நான்தான் அறிவிச்சனான்” என்று முற்றத்தில் நின்றே சொல்லியிருக்கிறார். இதைப் பிரியவதனியிடம் வந்து சொன்னவர் அன்னபூரணம். சொல்லி முடித்து, “வெள்ளிக்கிழமை வா பிள்ளை, அந்தத் தொலைபேசிச் சுருதிக்குப் பாட ஏலாது” என்றார்.

அவள் போனாள். தாளம் போட்ட சரவணமுத்து கடைசிவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நிசாந்தினியிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள். “பரவாயில்லை” என்ற பதில் வந்தது. பஸ்ஸில் அவள் பழைய இருக்கைக்குத் திரும்பவில்லை. சில மாதங்களில் நிசாந்தினிக்கு ஊர்காவற்றுறைக்கு மாற்றம் கிடைத்தது. பிரியாவிடையன்று எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் படமெடுக்கும் வேலை பிரியவதனிக்கே வந்தது. எடுத்ததும் நிசாந்தினி பக்கத்தில் வந்து திரையைக் குனிந்து பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “ஆருக்கும் அனுப்பிப்போடாதையும்.”

அது பகிடியா என்று பிரியவதனி அவள் முகத்தைப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் யாரோ கேக் வெட்டக் கூப்பிட, நிசாந்தினி போய்விட்டாள்.