ஒரு ஸ்டாப்புக்கு ஒரு பாட்டு

“உன் ஸ்டாப்புல மட்டும் என் வண்டி ஊமையா ஓடுது கண்ணு,” என்றார் ராமப்பன், தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தபடி. சௌமியா அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறத் தொடங்கி அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது.

“உனக்குப் பாட்டே புடிக்காதா?”

“புடிக்கும்ணா.”

“அப்பறம் ஏன் ஒண்ணும் அனுப்ப மாட்டேங்கற?”

“எதுன்னு சொல்லத் தெரியல.”

“தெரியலியா, சொல்ல இஷ்டமில்லியா?”

“ரெண்டுந்தான்ணா.”

பக்கத்து சீட்டுத் தமிழ்செல்வி சும்மா இருப்பாளா? “இவகிட்ட ஒரு பாட்டு வாங்கணும்னா எச்.ஆர்.ல லெட்டர் குடுக்கணும்ணா,” என்றாள். பஸ்ஸே சிரித்தது. ராமப்பன் மட்டும் சிரிக்கவில்லை. “விடு, சொல்ற அன்னிக்குச் சொல்லட்டும். அடுத்த ஸ்டாப்பு சூளகிரி வரைக்கும் சும்மா போலாம்,” என்று கியரை மாற்றினார். சொன்னபடியே அன்று சூளகிரி வரும்வரை எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

காலை ஆறேகாலுக்குக் கிருஷ்ணகிரியில் கிளம்பி ஏழரைக்கு ஓசூரில் கம்பெனி வாசலைத் தொடும் அந்த வண்டிக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்: ஒரு ஸ்டாப்புக்கு ஒரு பாட்டு. அந்த இடத்தில் ஏறுகிறவர்கள், பலர் என்றால் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு, முதல் நாள் சாயங்காலமே அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட வேண்டும். முறைக்காரர் லீவு என்றால் பாட்டும் லீவு. அந்த இடத்தில் இன்னொருவர் பாட்டைப் போடச் சொல்லி எத்தனை கெஞ்சினாலும் நடக்காது. “அவங்க சீட்டுல வேற ஆள உக்கார வெச்ச மாதிரி ஆயிடும்,” என்பார்.

வயது ஐம்பத்து நான்கு. வெயில் எப்படி அடித்தாலும் காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டார். பாட்டுக்கு ஸ்டீயரிங்கில் தாளம் தட்டுகிற பழக்கம் கிடையாது. அது வண்டிக்கு மரியாதை இல்லையாம். மிகவும் பிடித்துப்போனால் மூக்கால் ஒரு பெருமூச்சு விடுவார்; அவ்வளவுதான் அவருடைய கைதட்டல்.

பாட்டு பாதியில் இருக்கும்போது கம்பெனி கேட் வந்துவிட்டால் கதவு திறக்காது. செக்யூரிட்டி தினேஷ்குமார் விசிலை வாயில் வைத்துக்கொண்டே ஓடி வருவான். “பஞ்ச் அடிக்க டைம் ஆவுதுங்க, எறக்கி விடுங்க.” ராமப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார். “நீ சோத்துல பாதியில எழுந்திரிப்பியா? இரு. இன்னும் ஒரு சரணந்தான்.”

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து வந்து லேத்தில் வேலை பார்க்கும் பெரியதம்பி, சினிமாப் பாட்டே அனுப்புவதில்லை. ஊர்த் திருவிழாவில் தன் செல்போனில் பிடித்த உடுக்கைப் பாட்டு ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப அனுப்புவார். நடுவில் ஒரு பெண் குரல், “தண்ணி சொம்பு எங்கடா?” என்று கேட்கும். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். “அது யாரு கொரலு?” என்று கேட்டார் ராமப்பன். “எங்கம்மாங்க. போன வருசம் தவறிட்டாங்க.” அதற்குப் பிறகு அந்த இடம் வரும்போது மட்டும் ராமப்பனின் கை தானாகப் போய்ச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடும்.

ஊரார் பாட்டையெல்லாம் போடுகிற மனிதர், தன் பாட்டு என்று ஒன்றை அந்த பஸ்ஸில் போட்டதே இல்லை. ஏன் என்று சௌமியாவுக்கு ஆடி மாதத்தில் ஒரு நாள் தெரிந்தது.

அன்று சாப்பாட்டுப் பையை வண்டியிலேயே விட்டுவிட்டாள். திரும்பி ஓடியபோது பஸ் புங்கமர நிழலில் நின்றிருந்தது. ராமப்பன் பயணிகள் சீட்டில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செல்போனைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்திருந்தார்.

“நல்ல நேரத்துல வந்த கண்ணு. ஸ்டேட்டஸுல பாட்டு வெச்சா, யார் யார் பாத்தாங்கன்னு இதுல பேரு வருதில்ல? எல்லாப் பேரும் வருமா, சிலது உட்டுப்போயிடுமா?”

“எல்லாமே வரும்ணா. யாரத் தேடறீங்க?”

அவர் வெளியே பார்த்தார். ஒரு ஃபோர்க்லிஃப்ட் போய், திரும்பி வந்தது.

“அருணான்னு. எம் பொண்ணு.”

பிறகு துண்டு துண்டாகச் சொன்னார். கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் இருக்கும் கன்னடக்காரன் ஒருவனை அவள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னவர் இவர்தான். சொன்ன மறுமாதம், ஒரு நாள் காலையில் ஸ்டேட்டஸில் ஒரு பாட்டு வைத்தார். சின்ன வயதில் அவளை டிவிஎஸ் ஃபிஃப்டியின் முன்னால் நிற்கவைத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போகும்போது பாடிய பாட்டு. அன்றிலிருந்து தினம் ஒன்று. இதோ, தார் ரோட்டில் அரைமணி ஓட்டினால் அவள் வீடு. ஓட்ட முடியவில்லை.

சௌமியா போனை வாங்கித் தேடினாள். “அவங்க நம்பரே இதுல இல்லியேண்ணா.”

“நாந்தான் அழிச்சேன். அன்னிக்கு இருந்த கோவத்துல.”

சௌமியா போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவள் அப்படிப்பட்டவள்தான். ஆனால் அவர் முகத்தைத் திருப்பாமல் காத்திருந்தார்.

“நம்ம போன்ல அவங்க நம்பர் இருக்கணும்ணா. அவங்க போன்லயும் நம்முது இருக்கணும். இல்லன்னா அவங்களுக்குப் போவாது.”

“போவாதா?” ராமப்பன் போனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். “நான் ரேடியோ மாதிரின்னு நெனச்சேன் கண்ணு. ஒரு எடத்துல போட்டா எல்லாருக்கும் கேக்கும்னு.”

“இல்லண்ணா.”

“அப்ப இத்தினி நாளு போட்டதுல ஒண்ணுகூட…?”

“போயிருக்காதுண்ணா. ஒரு நாளைக்கு மேல அது நிக்காது, அழிஞ்சிடும்.”

மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டார். பாட்டு எதுவும் ஓடவில்லை. “நேரமாவுது பாரு, நீ போ,” என்றார்.

அதற்கடுத்த நாட்களில் பஸ் வழக்கம்போல ஓடியது. எல்லோர் பாட்டும் அவரவர் இடத்தில் ஒலித்தது. உடுக்கை வந்தபோது சத்தம் கூடியது. ஆனால் எல்லோரும் இறங்கிய பின் அவர் புங்கமரத்துக்குப் போகவில்லை. கேட்டை ஒட்டியே வண்டியை நிறுத்திவிட்டு டீக்கடைக்கு நடந்தார். ஸ்டேட்டஸ் வட்டம் காலியாக இருந்தது. தான் சொன்னதை நினைத்துச் சௌமியாவுக்கு இரண்டு இரவு தூக்கம் சரியில்லை.

ஆறாம் நாள், அவள் இறங்கும்போது அவர் கையைக் குறுக்கே நீட்டினார். “அப்பறமா எறங்கு கண்ணு.” மற்றவர்கள் போன பிறகு போனை எடுத்தார். நம்பர் சேர்க்கப்பட்டிருந்தது. பத்து எண்களையும் மனதிலிருந்தே போட்டாராம். அவரே தட்டியிருந்த பெயரில் ‘அருனா’ என்று எழுத்துப் பிழை.

“அவ போன்ல என் நம்பர் இருக்குமா?”

“தெரியலண்ணா. போட்டாத்தான் தெரியும்.”

“போடத்தான் போறேன்.” டிவிஎஸ் ஃபிஃப்டியின் பாட்டுத் தயாராக இருந்தது. விரலை மட்டும் கொண்டுபோகாமல் நின்றார். “நீ கன்னட ஸ்கூலுல படிச்சியாமே, தமிழ்செல்வி சொல்லுச்சு.”

“ஏழாவது வரைக்கும்ணா. ஆனேக்கல்ல. அப்பறம் இங்க தமிழ் மீடியம்.”

“எனக்குப் பேச்சு மட்டுந்தான் வரும். எழுத்து வராது.” சட்டை நுனியால் போன் கண்ணாடியைத் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

“ரெண்டாவது சரணத்துக்கு என்னா அர்த்தம்னு அடியில கன்னடத்துல எழுதிக் குடு கண்ணு. மாப்பிள்ளைக்கும் புரியணுமில்ல.”