தபசு காலத்தில் பறந்து வந்தவன்

அந்த வருஷம் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்த அம்மா, தபசு காலத்துக்கு நான் எதை விடப்போகிறேன் என்று கேட்டாள். எங்கள் தெருவில் எல்லோரும் ஏதாவது ஒன்றை விடுவார்கள். ஈஸ்டர் வரைக்கும் அதைத் தொடுவதில்லை. அப்பா புகையிலையை விடுவார். அந்த நாற்பது நாளும் அவரோடு யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம். எனக்குப் பீடி இருந்தது. ஆனால் அது இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது என்பதால் அதை விடுவதற்கும் வழியில்லை.

யோசித்துப் பார்த்தேன். ஊர் தியேட்டர்களில் அடுத்து என்னென்ன ஓடப்போகிறது என்பது எனக்கு மனப்பாடம். எல்லாம் இரண்டு தடவை பார்த்த பழைய படங்கள்.

“சினிமாவ விடுதேன்” என்றேன்.

அம்மா நம்பவில்லை. மாதா சுரூபத்தின் முன்னால் கூட்டிக்கொண்டு போய் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு மலிவாக ஒரு தியாகம் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷந்தான்.

மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. அதற்குப் பிறகு பறக்கும் மனிதன் வந்தான்.

துறைமுகத்துக்கு சைக்கிளில் போகிற வழியில் போஸ்டரைப் பார்த்தேன். சீமைப் படம். முகமூடி போட்டு, பச்சைத் துணி ஒன்று முதுகில் படபடக்க, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஒரு ஆள் கட்டடங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தான். சைக்கிளை நிறுத்தி இறங்கினேன். அந்தப் போஸ்டருக்கு முன்னால் நான் நின்ற நேரத்துக்கு, ஒரு ஜெபமாலை சொல்லி முடித்திருக்கலாம். ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. எங்கள் ஊரில் சீமைப் படம் ஒரு வாரம் ஓடினாலே தியேட்டர்காரர் தேங்காய் உடைப்பார். ஆக, இந்தப் படம் ஈஸ்டர் வரைக்கும் தாக்குப்பிடித்தால் நான் பார்க்கலாம். இல்லாவிட்டால் இல்லை.

அன்று துறைமுக வாசல் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. நான் கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற கிளார்க். என்னோடு அதே வேலை பார்த்த சிநேகிதன் ஆற்றங்கரையில் நெல் விளையும் கிராமத்துக்காரன். அவனுக்கு தபசும் இல்லை, மாதாவிடம் சத்தியமும் இல்லை. முதல் நாளே போய் வந்துவிட்டான். ஆனால் கதை சொல்ல வராது.

“எப்படில இருக்கு?”

“பறக்கான்.”

“அப்புறம்?”

“இறங்குதான்.”

“அதுக்குப் பொறவு?”

“மறுபடியும் பறக்கான். நீ என்னல, போலீஸ்காரன் மாதிரி கேக்க?”

டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார்கள். மூட்டை தூக்குகிற ஒருவர், “அவனுக்குத் தங்கச்சி உண்டுமா?” என்று கேட்டார். இல்லை என்றான் சிநேகிதன். “அப்போ ஓடாது. தங்கச்சி இல்லாத படம் இந்த ஊர்ல ஞாயித்துக்கிழமைய தாண்டாது” என்று அவர் கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். சங்கு குளிக்கப் போகிற ஒரு மரைக்காயர் நிதானமாகக் கேட்டார்: “பறக்கான், சரி. முங்குவானா?” அதுவும் இல்லை. “அப்புறம் என்ன வீரன்” என்று அவரும் எழுந்து போனார். மிச்சமிருந்த ஒருவர் பாட்டு எத்தனை என்று விசாரித்தார். ஒன்றுகூட இல்லை என்றதும் அவர் முகம் துக்க வீட்டு முகமாகிவிட்டது.

அந்தப் படத்தின் எதிர்காலம் என் கண் முன்னால் இருட்டிக்கொண்டு வந்தது. கடற்கரைத் தெருக்கள் முழுக்க தபசு. எங்கள் ஆட்கள் யாரும் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் வராத தியேட்டர் பாதித் தியேட்டர். இப்படி ஒரு காலத்தில் புதுப் படத்தைக் கொண்டுவந்து இறக்கிய புண்ணியவான் மெட்ராஸில் இருந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே தியேட்டர் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். தியேட்டருக்குள் போகவில்லை, வாசலில்தான். சத்தியத்தில் வாசல் சேராது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

“அண்ணாச்சி, படம் எத்தனை நாள் நிக்கும்?”

“கூட்டம் வந்தா நிக்கும் தம்பி. வரலைன்னா வியாழக்கிழமையோட பெட்டி அடுத்த ஊருக்குப் போயிரும். நீ உள்ள போகலையா?”

“நான் தபசு.”

“அப்படித்தான் ஊரே சொல்லுது” என்றார் அவர், ஈ ஓட்டிக்கொண்டே.

அவரிடமிருந்து ஒரு கட்டு நோட்டீஸ் வாங்கி வந்தேன். கதைச் சுருக்கம் என்று அதில் ஐந்து வரி இருந்தது. ஆறாவது வரியில் மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்துவிட்டார்கள். அந்த மீதியை நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து, நான் பார்க்காத படத்தின் கதையை, பார்க்கக்கூடிய எல்லோருக்கும் சொல்ல ஆரம்பித்தேன். ஆளுக்குத் தக்க கதை. உப்பளத்துக்காரர்களிடம், அம்பாரம் அம்பாரமாக உப்பு குவிந்து கிடக்கும்போது மழை மேகம் வருகிறது, அவன் மேலே போய் ஒரே ஊது, மேகம் இலங்கைப் பக்கம் ஓடிவிடுகிறது என்றேன். சிநேகிதனின் ஊர்க்காரர்கள் நெல் அறுப்பு முடித்துவிட்டு கையில் நாலு காசோடு ஊருக்குள் வருவார்கள். அவர்களிடம், உடைந்த குளக்கரையில் அவன் குறுக்கே படுத்துத் தண்ணீரை நிறுத்துகிறான் என்றேன். மரைக்காயருக்காக முங்கவும் வைத்தேன். தங்கச்சியை மட்டும் எல்லாக் கதைக்கும் பொதுவாக வைத்துக்கொண்டேன்.

நம்பினால் நம்புங்கள், கூட்டம் வந்தது. முதல் வாரம் தாண்டியது. இரண்டாவது வாரமும் தாண்டியது. பார்த்துவிட்டு வந்தவர்கள் என்னைத் தேடி வந்தார்கள் என்பதுதான் சங்கடம்.

“ஏலே, குளம் எங்கல?”

“நீங்க எந்த ஆட்டம் பாத்திய?”

“ரெண்டாம் ஆட்டம்.”

“அதான். ரெண்டாம் ஆட்டத்துல வெட்டிருதான் அண்ணாச்சி. பகல் ஆட்டம் பாருங்க.”

அவர் பகல் ஆட்டமும் பார்த்தார். அதன் பிறகு ஒரு வாரம் நான் வேறு தெரு வழியாக வேலைக்குப் போனேன். மரைக்காயர் மட்டும் கோபப்படவில்லை. “முங்கல. ஆனா முங்கணும்னு நினைச்சிருக்கான், முகத்துல தெரியுது” என்றார். அவர் பெரிய மனசுக்காரர்.

மூன்றாவது வாரம் என் கதைகளும் தீர்ந்தன, கேட்கிற ஆட்களும் தீர்ந்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு முடிந்ததும் ஊரே அடங்கிவிட்டது. பெரிய வியாழனன்று மத்தியானம் மேனேஜர் கையை விரித்தார்.

“நாளைக்குப் பெட்டிய அனுப்புதேன் தம்பி. மூணு வாரம் ஓட்டிட்டேன், உம் புண்ணியத்துல.”

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் எனக்கு வந்த யோசனைகளிலேயே நல்லது என்று அப்போது நினைத்தேன். “அண்ணாச்சி, நாளைக்குப் பெரிய வெள்ளி, ஆண்டவர் சிலுவையில செத்த நாள். இந்த ஊர்ல பெரிய வெள்ளி அன்னைக்குப் புதுப் படம் போட்டா யார் வருவா? புதுப் படத்த ஈஸ்டருக்குப் போடுங்க. கடற்கரைச் சனம் பூரா நாப்பது நாள் பசியோட வரும்.”

மேனேஜர் ஈ ஓட்டுவதை நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பயலே, நீ மூட்டை எண்ண வேண்டிய ஆளே இல்ல. சரி, நாளைக்குக் கொட்டகைய மூடிருதேன். பறக்கிறவன் சனிக்கிழமையோட முடியட்டும். ஞாயித்துக்கிழமை காலை ஆட்டத்துலயே புதுசு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை என் சத்தியம் முடிகிறது. அன்று காலையில் அவனும் போய்விடுகிறான். நானே நாள் குறித்துக் கொடுத்து அவனை வழியனுப்பி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா, “என்னல, ஆண்டவர் பாடுபட்டதுக்கா இம்புட்டு விசனம்?” என்றாள். ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மூன்று வாரம் சொன்ன பொய்யே போதும் என்று, அந்தப் படம் போகிற துக்கந்தான் என்ற உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: “எங்க காலத்துல சனிக்கிழமை காலையிலயே ஈஸ்டருக்குள்ள பாஸ்காப் பூசை முடிஞ்சு கோயில் மணி அடிச்சிரும். உச்சியோட தபசு தீந்துது. பொறவுதான் பூசைய ராத்திரிக்கு மாத்துனாங்க. மாத்துனது அவங்க. நான் ஒண்ணும் கையெழுத்துப் போடல.”

“அப்போ பகலாட்டத்துக்குப் போலாமாம்மா?”

“உச்சி தாண்டட்டும். எனக்கும் ஒரு டிக்கெட் எடு.”

“உனக்கா? எதுக்கு?”

“தண்ணி எடுக்கப் போற இடத்துலல்லாம் அந்தத் தங்கச்சி கதைதாம்ல. அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு பாக்காண்டாமா?”

தங்கச்சி நானாக வைத்த ஆள் என்பதைச் சொல்லாமலே டிக்கெட்டுக்குக் காசை எண்ணினேன்.

தியேட்டரில் மொத்தம் இருபது பேர் இருந்திருப்போம். அம்மா பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். நடுவில் இடுப்பளவுச் சுவர். திரையில் முதல் பெண் வந்ததுமே சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: “ஏலே, இவதானா?”

“இல்லம்மா.”

இன்னொருத்தி வந்தாள். “இவளா?”

இடைவேளைக்குப் பிறகு நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. கொட்டகையே சேர்ந்து, “இவ இல்ல ஆத்தா!” என்று பதில் சொன்னது. மூன்று வாரமாக நான் உயிரை விட்டு ஓட்டிய படத்தில் பாதியைச் சுவர்ப் பக்கம் திரும்பியபடியே பார்த்தேன். பார்த்த மட்டும் நன்றாகத்தான் இருந்தது. உண்மையாகவே பறந்தான். மேகத்துக்குள் போய் வெளியே வந்தபோது அவன் துணி ஈரமாக இருந்ததாகக்கூட எனக்குத் தோன்றியது. படம் முடியப்போகிற நேரத்தில் அம்மா தானே தீர்த்துவைத்தாள்: “சரி விடு. தங்கச்சிய வெளியூர்ல கட்டிக்குடுத்திருப்பாங்க.” அப்போதுதான் நான் திரைப் பக்கம் திரும்பினேன்.

வெளியே வந்தபோது புதுப் படத்தின் போஸ்டரை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் வாசலில் நின்று, “எப்படிம்மா படம்?” என்று கேட்டார்.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “நல்லாத்தான் பறக்கான். ஆனா விடிஞ்சதுலேருந்து ஊரைச் சுத்துதான், எங்கயாவது உக்காந்து ஒரு வாய் சோறு தின்னானா? ஒருத்தரும் அவன சாப்பிட்டியான்னு கேக்கலையே அண்ணாச்சி.”

“அது படத்துல இல்லம்மா.”

“அதான் மேக்கொண்டு ஓடல” என்றாள் அம்மா.

மேனேஜர், இருக்கும் என்று தலையை ஆட்டினார்.