நாலு கரண்டி சோறு, நாற்பது நிமிடம்

இன்று மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. கடையில் இடமில்லை. வழக்கம்போல, சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். எனக்குப் பின்னால் ஓர் ஆன்டி.

இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்து ஏழு மாதம் ஆகிறது. நாலு கரண்டி சோற்றுக்கு எனக்கு நாற்பது நிமிடம் வேண்டும். அவசரப்பட்டால் அத்தனையும் வாந்திதான்.

ஆன்டி என் இலையை எட்டிப் பார்த்தார்.

"முடிச்சிட்டியாம்மா? இலைய மடிச்சிடலாம்லா."

"இன்னும் சாப்பிடுறேன் ஆன்டி."

"இவ்ளோ கொஞ்சமாவா? டயட்டா?"

"ஆபரேஷன் ஆன்டி. உடம்பு குறைக்க."

"ஓ, அதுவா. அது ஈசிலா. என் மக தினமும் ஜிம்முக்குப் போய்க் கஷ்டப்படுறா."

சீப்பு நிறைய வரும் முடியையும், கையில் தொங்கும் தோலையும், சோற்றைப் பார்த்துக்கொண்டே அழுத நாட்களையும் அவரிடம் சொல்லியிருக்கலாம்.

குண்டாக இருந்தபோது, யாராவது என் இலையைப் பார்த்துவிடுவார்களோ என்று அள்ளிப் போட்டுக்கொண்டு பத்தே நிமிடத்தில் எழுந்துவிடுவேன். அப்படி எத்தனையோ பேருக்கு இடம் விட்டிருக்கிறேன்.

பரிமாறுகிறவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, கொஞ்சூண்டு பூசணிக்காய் வைங்க."

ஆன்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு வேறு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். நான் பூசணிக்காயை மெதுவாக மென்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அங்கேதான் சாப்பாடு. என் நாற்காலிக்குப் பின்னால் நிற்க நினைக்கிறவர்கள் வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.