கறுப்புப் பைக்குள் இரண்டு கை

துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கும் ஜெபசுதாவுக்கு ஒரே ஒரு கிறுக்கு. பழைய பிலிம் கேமரா. ஊர் உலகமே போனில் ஒரு தட்டு தட்டிப் படம் பிடிக்கிறது. இவளோ வெளிச்சம் பார்த்து, போகஸ் திருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதற்குள் உப்பளத்தில் நின்ற கொக்கு திருச்செந்தூர் போய்ச் சேர்ந்துவிடும்.

அக்காள் கிரேசியோடு பேச்சு நின்றதும் இந்தக் கிறுக்கால்தான். கிரேசியின் புது வீட்டுப் பிரதிஷ்டைக்கு இவள்தான் போட்டோ. போதகர் ஜெபித்ததிலிருந்து பிரியாணி பரிமாறியதுவரை எடுத்துத் தள்ளினாள். கடைசியில் பார்த்தால், பிலிமின் நுனி கேமராவுக்குள் மாட்டவே இல்லை. ஒரு படம்கூட விழவில்லை. "வயித்தெரிச்சல்ல வேணும்னே பண்ணிட்டா" என்று கிரேசி சொந்தபந்தத்திடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள். இப்போது கிரேசி மகள் விஜிலாவுக்குக் கல்யாணம். ஊரெல்லாம் பத்திரிகை போயாயிற்று, கூடப்பிறந்தவளுக்கு வரவில்லை. ஜெபசுதா வெளியே வீறாப்பாகத் திரிந்தாள், உள்ளே வெந்துகொண்டிருந்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் நூறடி பிலிம் சுருளோடு உட்கார்ந்தாள். மொத்தமாக வாங்கிச் சின்ன டப்பாக்களில் தானே சுற்றிக்கொண்டால் மலிவு. ஆனால் சுருளை, டப்பாவில் சுற்றித் தரும் லோடர் பெட்டிக்குள் வைத்து மூடும்வரை துளி வெளிச்சம் படக்கூடாது. அதனால் கைகள் மட்டும் நுழைகிற கறுப்புப் பைக்குள்தான் வேலை. முழங்கைவரை விட்டுத் துழாவினாள். சுருள் கைநழுவிப் பைக்குள் இடியாப்பமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா வாசலில் கிரேசி வந்து நிற்க வேண்டும்! பின்னால் அத்தான், கையில் பத்திரிகைத் தட்டு.

 ஜெபசுதா பையோடு எழுந்தாள்.

"கைக்கு என்னம்மா ஆச்சு? கட்டா?" என்றார் அத்தான்.

"இல்லத்தான், பிலிம்..."

அந்தச் சொல் காதில் விழுந்ததுமே கிரேசியின் முகம் சுண்டியது. தட்டை வாங்கி நீட்டினாள். "விஜிலா கல்யாணம். கட்டாயம் வரணும்."

பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். இரண்டு கையும் பைக்குள். எடுத்தால் நூறடியும் போச்சு.

"அக்கா, கோவிச்சுக்கிடாத. மேசையில வச்சிரு."

"மேசையிலயா? நான் மேசையவா கூப்பிட வந்தேன்?"

"வெளிச்சம் பட்டா..."

"பாத்தியளா? படியேறி வந்தாலும் கைய வெளிய எடுக்க மாட்டேங்கா! நீங்கதான போவோம் போவோம்னு இழுத்துட்டு வந்திய? வாங்க, போவோம்." கிரேசி திரும்பி நடந்தாள்.

போய்த் தொலையட்டும் நூறடி! ஜெபசுதா கைகளை உருவினாள். பிலிமும் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது. அந்தக் கோலத்திலேயே வாசலுக்கு ஓடி, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்தாள்.

கிரேசி அவள் காலடிவரை தொங்கிய பிலிமைப் பார்த்தாள். "கெட்டுப்போச்சாளா?"

"எல்லாம் போச்சு."

"இம்புட்டையும் எதுக்குளா வாங்குன?"

 "விஜிலா கல்யாணத்துக்குத்தான்."

"நான் உன்னக் கூப்பிடவே இல்லயே!"

"நீ கூப்பிடாட்டாலும் வந்திருப்பேன்லா."

கிரேசிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "வெக்கங்கெட்டவளே" என்று சொல்லிவிட்டு, தங்கச்சியின் கையில் சிக்கியிருந்த பிலிமை அவிழ்க்க உட்கார்ந்தாள்.