மாப்பிள்ளை பட்டறையில் ஆபீஸ் பங்கா

தல்லாகுளம் ஆபீசில் என்னோடு பங்கா இழுத்த கூட்டாளிகளுக்குச் சொல்லி எழுத வைப்பது.

மின்சார விசிறி வந்த அன்று நம்மை நிறுத்திவிட்டு, கூரையிலிருந்து கழற்றிப் போட்டார்களே, நாம் கயிறு இழுத்து வீசிய அந்தத் துணிப் பங்காவை இன்று பார்த்தேன். ஒத்தக்கடையில் என் மகள் வீட்டில், மாப்பிள்ளையின் தச்சுப் பட்டறையில் தொங்குகிறது. ஓரத்தில் அதே மைக்கறை.

மாப்பிள்ளைக்கு மரத்தூள் ஆகாது. ஈட்டி மரம் அறுத்தால் அன்றைக்கு முழுக்க இருமல். தூள் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தச்சர் வேறு எங்கே போவார்? பங்காவை ஆபீஸ் ஏலத்தில் எடுத்து வந்துவிட்டார்.

"மாமா, தூசிய வாசப்பக்கம் தள்ளி விடுங்க. ஒங்களுக்குப் பழகுன கயிறுதான?"

உட்கார்ந்து இழுத்தேன். அவர் அறுத்தார். தூள் வாசல் வரை போனது. பங்கா திரும்பியதும் அதுவும் கூடவே திரும்பி வந்தது.

"என்ன மாமா, இம்புட்டு நேரம் இழுத்தும் ஒரு தூசி வெளிய போகலையே?"

"முப்பது வருசம் இழுத்தேன் மாப்ள. அந்த ரூமுல இருந்து ஒரு காயிதம் வெளிய போனதில்ல."

மகள் சிரித்தாள். அவரும் சிரிக்கப் போய் இருமினார். இருமல் நிற்கவில்லை. ரம்பத்தைச் சுவரில் மாட்டிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

நிறுத்தும்படி யாரும் சொல்லாததால் நான் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

உங்களில் யாருக்காவது வேறு வேலை கிடைத்ததா? கிடைத்திருந்தால் யாரையாவது விட்டு எழுதுங்கள். இங்கே இப்போது வேலை இல்லாத ஆள் இரண்டு.