கொள்ளுச் செடியின் மேல் ஒரு பனிச்சாலை

தேசூர் சாலையில் அன்று கார் ஓடவில்லை, மிதந்தது. தை மாதக் காலை. வண்டிகள் ஏறி மிதித்து மணி உதிரட்டும் என்று, தார் தெரியாதபடி கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வேகமாக வந்த நான் பதறிப்போய் பிரேக்கை அழுத்திவிட்டேன். அம்பாசடர் சத்தமே இல்லாமல், தூக்கத்தில் நடப்பவன்போலப் பக்கவாட்டில் சறுக்கி, புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

“கொள்ளு மிதிக்கச் சொன்னா ஆளையே மிதிச்சிடுவ போல கீதே! செடி மேல யாராச்சும் பிரேக் போடுவாங்களா? காலை எடுத்துட்டு சும்மா உருட்டிகினு போப்பா!” என்று முறத்தோடு நின்ற அம்மாள் கத்தினார்.

என் பக்கத்தில் மாமா, அக்காவின் கணவர். காஷ்மீரில் ராணுவ லாரி ஓட்டுபவர். லீவில் வந்து இருபது நாளாகியும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கார் நின்ற பிறகும் அவர் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“இதே மாதிரிதான் மச்சான். பனியில பிரேக் போட்டேன். வண்டி பேச்சைக் கேக்கல, பள்ளத்து ஓரத்துல போய் நின்னுச்சு. பின்னாடி இருபது பேரு. அக்காகிட்ட சொல்லிடாத.”

இன்னும் பத்து நாளில் அவர் திரும்ப வேண்டும். மறுபடியும் அதே லாரி, அதே இருபது பேர்.

அந்த நொடியில்தான் எனக்குத் தோன்றியது: மாமாவுடைய பனி இங்கேயே கொட்டிக் கிடக்கிறதே! பி.எஸ்சி. முடித்துவிட்டுப் பட்டுக்கடை முதலாளிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, உராய்வைப் பற்றிப் படித்ததெல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்தது. முதலாளியிடம் கெஞ்சி, தினமும் காலையில் ஒரு மணி நேரம் காரை வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் மாமா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார், இறங்கிவிட்டார். மறுநாள் செடியில் ஏறியதும் பழைய பழக்கத்தில் கால் பிரேக்குக்கே போனது. கார் அரைவட்டம் அடித்தது. “மிலிட்டரிக்காரருக்கு எங்க கொள்ளு மேல இன்னா கோவம்?” என்று அந்த அம்மாள் சிரித்தார். மூன்றாம் நாள் இரண்டாவது கியரில் மெல்ல எடுத்தார். பின்பக்கம் சறுக்கியபோது, சறுக்கிய திசைக்கே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொடுத்தார். கியரைக் குறைத்தே வண்டியை நிறுத்தினார். டயருக்கடியில் மணிகள் பொரிகிற ஓசை மட்டும் கேட்டது.

நான் கைதட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி, “ஏறுங்கம்மா, ஒரு சுத்து போலாம்” என்றார்.

“எனுக்கு உயிரு மேல ஆசை கீதுப்பா” என்றபடியே அந்த அம்மாள் இன்னும் இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு ஏறினார். பின்சீட்டில் ஆள் ஏறிய பிறகுதான் மாமா உண்மையாகவே ஓட்டினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொட்டில் ஆட்டுவதுபோல ஓட்டினார்.

அவர் திரும்பிப் போனார். லாரி ஓட்டினார். அவருடைய கடிதங்களைப் படித்துப் படித்தே நான் காஷ்மீரில் மலைச்சாலை போடும் வேலைக்கு மனுப் போட்டுச் சேர்ந்தேன். இப்போது முகாமின் ஜன்னலுக்கு வெளியே, அவர் எழுதியதைவிட மெதுவாக, வெள்ளையாக ஏதோ இறங்கிக்கொண்டே இருக்கிறது. எது சாலை, எது பள்ளம் என்று தெரியவில்லை.

ஜீப் டயர்களுக்குச் சங்கிலி கட்டியாகிவிட்டது. நாளைக் காலை முதல்முறையாக நான் இறக்கத்தில் ஓட்ட வேண்டும். பின்னால் ஆறு பேர் வருகிறார்கள். சாயங்காலமே போய் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டேன்.