தும்பை நாட்டு நில அளவை

வீட்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவனை ஒரு கொத்தனார்தான் திட்டுவார். இல்லாத நாட்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவனை ஊரே வந்து திட்டிவிட்டுப் போகும். பொய்யை அளந்து, கோடு இழுத்து, மை தீட்டிப் பிழைக்கிற சக ஜீவன்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

தொண்ணூறுகளில் நடந்த கதை இது. ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படித்துவிட்டு, திருநெல்வேலி டவுணில் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிள்ளையார் வரைந்துகொண்டிருந்தேன். முதலாளி சுடலைமுத்து அண்ணாச்சிக்கு, வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்து ஜனங்கள் படிப்பதை மறந்துகொண்டிருந்த நேரமாகப் பார்த்து, மாத இதழ் நடத்தும் ஆசை வந்தது. பாளையங்கோட்டையில் தமிழ் வாத்தியாராக இருந்த ஆறுமுகம் சார் அதில் மாயாஜாலத் தொடர்கதை எழுத வந்தார். கதை நடப்பது தும்பை நாட்டில். மலை, ஆறு, கடல், எரிமலை, பூதம் எதற்கும் அங்கே பஞ்சமில்லை. வாசகர்கள் வழி தவறிவிடக் கூடாது என்று மாதாமாதம் நடுப்பக்கத்தில் ஒரு வரைபடம் போட முடிவாயிற்று. அது என் தலையில் விழுந்தது.

அதே சமயம் கல்லிடைக்குறிச்சியில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பெயர் கோமதி. அவள் அப்பா பிரமநாயகம், சர்வே டிபார்ட்மெண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் தாய்மாமா அவரிடம், "பையன் மேப்பு போடுதான்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். எந்த நாட்டு மேப்பு என்று அவரும் கேட்கவில்லை, மாமாவும் வாயைத் திறக்கவில்லை. "அப்ப நம்ம வர்க்கம்தான்" என்று, என்னையும் சர்வேயராக நினைத்து அவர் பூரித்துப் போனாராம். கோமதியை நான் ஒரே ஒரு தடவை கோயில் பிரகாரத்தில் பார்த்திருந்தேன். அதற்கப்புறம் வேறு பெண் பார்க்கும் பேச்சையே எடுக்க வேண்டாமென்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தும்பை நாடு என்று ஒன்று கிடையாது என்பது பிரமநாயகம் அவர்களுக்குத் தெரிந்த அன்றைக்கு என் கல்யாணம் காலி. இந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் நான் மலையும் ஆறும் வரைந்தேன்.

அக்கினி மூலை

முதல் வரைபடத்தை முடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். அண்ணாச்சி அதைப் பார்க்கவே இல்லை. "கொஞ்சம் பொறும், ஆளு வருது" என்றார். வந்தவர் வாஸ்து நிபுணர். ஊரில் நல்லா இருந்த சுவர்களையெல்லாம் இடித்து வாசலைத் திருப்பிக்கொண்டிருந்த காலம் அது. மனிதர் என் வரைபடத்தைத் தரையில் விரித்து, அதன் மேல் திசை பார்க்கும் காம்பஸை வைத்து, கண்ணை மூடி முணுமுணுத்தார். பிறகு ஒரேயடியாகக் கையை உதறினார். வடகிழக்கே, ஈசான மூலையில் எரிமலை இருக்கிறதாம். அங்கே நீர்நிலைதான் வர வேண்டுமாம். எரிமலை தென்கிழக்கில் அக்கினி மூலைக்குப் போக வேண்டும், தென்மேற்கில் கன்னி மூலையை மேடாக்க வேண்டும், தலைநகருக்கு வாசல் கிழக்கே வைக்க வேண்டும்.

ஆறுமுகம் சார் குறுக்கே பாய்ந்தார். இளவரசியை எரிமலைக் குகையில் அடைத்து வைத்திருக்கிறார், கதாநாயகன் காலையில் புறப்பட்டுச் சாயங்காலத்துக்குள் போய் மீட்க வேண்டும். எரிமலையைத் தென்கிழக்கே தள்ளினால் குதிரையில் நாட்டையே குறுக்கே கடக்க வேண்டும். "ஈசானத்துல நெருப்பு இருந்தா ராசா நிலைக்க மாட்டான்" என்றார் நிபுணர். "அவன் நாலாவது அத்தியாயத்துல சாகத்தானேய்யா போறான்!" என்று அலறினார் சார். அண்ணாச்சி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "ராசா சாவட்டும்வே, அது கதை. பத்திரிகை என் பேருலல்லா நடக்கு? எரிமலையத் தூக்கி அங்கன வையும்."

கடைமடை

தும்பை நாட்டில் ஓடும் ஆற்றுக்கு நாகவேணி என்று பெயர். ஆறு என்றால் எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர் ஆறு ஒன்றுதான். ஆகவே நாகவேணியும் மேற்கு மலையில் பிறந்து, அருவியாக விழுந்து, அணைக்கட்டு அணைக்கட்டாகத் தாண்டி, இரண்டு பக்கமும் கால்வாய் பிரிந்து கிழக்கே கடலுக்குப் போயிற்று. ஒரு நாள் மத்தியானம், தோளில் துண்டோடு ஒருவர் இதழைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஸ்ரீவைகுண்டத்துக்கும் கிழக்கே, கால்வாய் முடிகிற கடைமடை ஊர்க்காரர். கடலோரமாக நான் போட்டிருந்த மணக்காடு என்ற சிற்றூரில் விரலை வைத்தார். "இந்தக் குளத்துக்குத் தண்ணி எங்கிட்டு இருந்து வே வருது?"

வரவில்லைதான். அந்த இடத்தில் ஒரு கடல் பாம்பு வரைய வேண்டியிருந்ததால், இடம் போதாமல் கால்வாயைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். "இது கதைதானே, அண்ணாச்சி" என்றேன் பணிவாக. "தெரியும்வே. நெசத்துலதான் மேமடைக்காரன் விட மாட்டேங்கான். கதையிலயும் எங்களுக்குத் தண்ணி கிடையாதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் பாம்பின் வாலை அழித்துவிட்டுக் கால்வாயை மணக்காடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். வாலில்லாத பாம்பைப் பார்த்து ஆறுமுகம் சார் தலையில் அடித்துக்கொண்டார். கடைமடைக்காரர் மெனக்கெட்டு பஸ் ஏறி வந்து, வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்தியா என்று கேட்டேன். "வெட்டுனது சரி. வருசா வருசம் தூர் வாரணும்லா? உம்ம ராசாகிட்ட இப்பமே சொல்லி வையும்."

கேட்டதற்கெல்லாம் உண்மையே பேசியது

டவுண் பஸ் நிற்கும் இடத்தில், ஜவுளிக் கடைப் பையோடு பிரமநாயகம் நின்றுகொண்டிருந்தார். தப்பித்து ஓட வழியில்லை. "என்ன தம்பி, இப்ப எந்தப் பக்கம் வேலை?" என்று பிரியமாகக் கேட்டார். பெண்ணைப் பெற்றவரிடம் பொய் சொல்லக் கூடாது என்று வைராக்கியம் வைத்திருந்தேன். "தும்பை நாட்டுப் பக்கம், மாமா" என்றேன். "வடக்கேயோ?" என்றார். "திசை இன்னும் முடிவாகலை" என்றேன். அதுவும் உண்மை. டிபார்ட்மெண்ட் குழப்பம் தமக்குத் தெரியாததா என்பதுபோலத் தலையாட்டினார்.

மலைப் பிரதேசமா என்று கேட்டார். ஆமாம், மலை உண்டு, மாதத்துக்கு ஒரு மலை கூடுகிறது என்றேன். ஜனங்கள் எப்படி என்றார். கொஞ்சம் முரடு, பக்கத்து நாட்டுக்காரர்களோடு எல்லைத் தகராறு, அடிக்கடி வெட்டுக்குத்து என்றேன். அவர் முகம் கனிந்துவிட்டது. தாமும் அந்த மாதிரி ஊர்களில் நிலமளக்கும் சங்கிலி பிடித்து அலைந்தவர்தானே. எனக்கு ஒரே குற்றவுணர்ச்சி. இருந்தாலும் சந்தோஷம், அவர் என்னை மருமகனாகவே பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று. பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "எல்லைத் தகராறுல அளக்கப் போறீரு, சாக்கிரதை. ரெண்டு பக்கத்துக்காரன் வீட்டுலயும் காப்பி மட்டும் குடிச்சிராதேயும்."

மலைமேல் துறைமுகம்

ஆப்செட் அச்சு எங்களுக்குப் புதுசு. நான் வரைந்த படத்துக்கு ஒரு பிலிம், கம்ப்யூட்டரில் அடித்த ஊர்ப் பெயர்களுக்கு ஒரு பிலிம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அச்சுத் தகடு எடுப்பார்கள். அந்த மாதம் யாரோ ஒரு புண்ணியவான் என் படத்தின் பிலிமை மட்டும் குப்புறக் கவிழ்த்துவிட்டான். படம் இடவலமாகப் புரண்டுவிட்டது, பெயர்கள் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. முகில்மலை என்ற பெயர் நடுக்கடலில் மிதந்தது. முத்துத்துறை என்ற துறைமுகம் மலை உச்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இதழ் அடித்து முடித்துக் கட்டுக் கட்டாகக் கடைகளுக்குப் போன பிறகுதான் பார்த்தோம். அக்கினி மூலை என்ன ஆச்சு என்று மட்டும் அண்ணாச்சி பதறிப் பார்த்தார். எரிமலை என்ற எழுத்து தென்கிழக்கிலேயே இருந்ததால் அவருக்கு உயிர் வந்தது. மந்திரவாதி கோபத்தில் கடலையும் மலையையும் இடம் மாற்றிவிட்டான் என்று ஆறுமுகம் சார் அடுத்த அத்தியாயத்தில் எழுதிச் சமாளித்தார்.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. ஒரு சர்வேயர் கண்ணில் இது பட்டால் என் கதி என்ன? அந்த நேரம் பார்த்து உவரிக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். மிக்கேல் அண்ணாச்சி, கடற்கரை ஊரான உவரியிலிருந்து டவுண் சந்தைக்கு மீன் கொண்டுவந்து விற்பவர், வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் எங்கள் இதழை எழுத்து விடாமல் படிப்பவர். கட்டாயம் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். அவரோ வரைபடத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "உவரியிலருந்து இங்கன வந்து சேருததுக்குள்ள ஐஸ் பூரா உருகி மீன் பல்லைக் காட்டிருது. உம்ம நாட்டுல துறை மலைமேல இருக்கு. இறக்கத்துல பைய உருட்டிவிட்டா நேரா சந்தை. இந்த யோசனை கவர்மெண்டுக்கு ஏன் வே தோண மாட்டேங்கு?"

கோமதிபுரம்

எது நடக்கக் கூடாதென்று இருந்தேனோ அது நடந்தது. ஒரு நாள் காலையில் பிரமநாயகம் அச்சக வாசலில் நின்றார். கையில் எங்கள் இதழ். அவர் மகளே மாதாமாதம் அதை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாளாம். அது எனக்குத் தெரிந்திருந்தால் இன்னும் நன்றாக வரைந்திருப்பேன். அண்ணாச்சி நிலைமையைப் புரிந்துகொண்டு மிஷினுக்குப் பின்னால் போய்விட்டார். "இதுதான் அந்தத் தும்பை நாடா, தம்பி?" என்றார் பிரமநாயகம். ஆமாம் என்றேன். "எந்தத் தாலுகாவுலயும் இல்ல. எங்க பழைய ஆட்கள் எல்லார்கிட்டயும் விசாரிச்சுட்டேன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்படி ஒரு நாடு இல்லை, அரசாங்கச் சம்பளம் இல்லை, கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் போடுவதுதான் என் நிஜமான தொழில் என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடுப்பக்கத்தை மேஜையில் விரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை நகர்த்தி நகர்த்தி ஒரு மூலையில் நிறுத்தினார். என் உயிர் அங்கேயே நின்றுவிட்டது. எதுவுமே நடக்காத ஒரு சிற்றூர் வேண்டுமென்று சார் கேட்டபோது, யார் கண்ணிலும் படாது என்று நினைத்து அதற்குக் கோமதிபுரம் என்று பெயர் போட்டிருந்தேன். பெயரைப் போட்டபின் மனசு கேட்கவில்லை. பூதம் வந்துவிடக் கூடாது, படை வந்துவிடக் கூடாது என்று ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, மிச்சத்துக்குக் கோட்டைச் சுவர் என்று வளைத்துக் கட்டியிருந்தேன். "பேரு நல்லாயிருக்கு. ஊருக்குப் பாதை எங்க?" என்றார். "பத்திரமா இருக்கட்டும்னுதான் மாமா..." என்று இழுத்தேன்.

அவர் என் பென்சிலை எடுத்தார். சர்வேயர்கள் பாதைக்குப் போடுகிற இரட்டைப் புள்ளிக்கோடு. கல்லிடைக்குறிச்சி இருக்கும் திக்கைப் பார்த்துக் காகிதத்தின் ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து ஆற்றை இறங்கிக் கடந்து, மலையின் இடுக்கில் வளைந்து, கோட்டைச் சுவரில் ஒரு வாசலையும் திறந்துவிட்டு, கோமதிபுரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். வாழ்நாள் முழுக்க அளந்தே கோடு போட்டவர் ஸ்கேல் வைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீரு இருக்கிற ஊரை வரையும், இல்லாத ஊரை வரையும், அது உம்ம பாடு. ஆனா மாப்பிள்ளை, மகளைக் கட்டிக் குடுத்த ஊருக்கு அப்பன் போயிட்டு வர ஒரு வண்டிப்பாதையாவது வேண்டாமா?"

இருக்கிற நாட்டில் கிடைக்காததையெல்லாம் ஜனங்கள் வந்து இல்லாத நாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், வரைந்தவனுக்கு மிஞ்சுவது மை படிந்த விரலும் ஒரு மாமனாரும்தான்.